குற்றப்பத்திரிகையிலிருந்து கவிதைக்கு: நவீன பிரெஞ்சுச் சிந்தனையைப் படிக்க ஒரு வழி

“பதியூவில் தொடங்குவதா, ரான்சியேரில் தொடங்குவதா?” எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டு பிரெஞ்சுத் தத்துவவாதிகளைப் பற்றிப் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். இரண்டும் வேண்டாம், நீதிமன்றத்தில் தொடங்குங்கள் என்பேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. கவிதைக்கும் தத்துவத்துக்கும் அரசியலுக்கும் என்ன உறவு என்ற கேள்வியைப் பிரான்சில் பேராசிரியர்கள் எழுப்புவதற்கு முன்பே அரசு வழக்கறிஞர்கள் எழுப்பிவிட்டார்கள். இந்த வரியைச் சொன்னது கவிஞரா, கவிதைக்குள் பேசும் ஒரு குரலா? சொன்னதற்காகக் கூண்டில் ஏற வேண்டியவர் யார்? பிறகு வந்த பிரெஞ்சுக் கோட்பாடுகளில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குத் தாக்கல் செய்யப்பட்ட பதில் மனுக்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே முறை எளியது. மேசைமேல் மூன்று தாள்கள் இருக்கட்டும். ஒன்றில் கவிதை. இன்னொன்றில் அந்தக் கவிதையையோ கவிஞரையோ சுற்றி எழுந்த வழக்கு அல்லது தகராறு. மூன்றாவதில் ஒரு தத்துவவாதி எழுதிய பக்கம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தத்துவவாதியை முதலில் படித்தால் கவிதை அவருடைய வாதத்துக்குச் சாட்சி சொல்ல வந்த ஆளாகிவிடும்; அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடும். மொழிபெயர்ப்பில்தான் படிக்கிறீர்கள் என்றாலும் பிரெஞ்சு மூலம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பதிப்பாகத் தேடி வாங்குங்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. வரி எங்கே உடைகிறது, நிறுத்தக்குறி எங்கே இருக்கிறது, யாருக்குச் சமர்ப்பணம் என்பதைப் பார்க்கக் கண் போதும்.

1857: எதைக் கேட்க வேண்டும்

அந்த ஆண்டு ஆகஸ்ட் 20. ‘தீமையின் மலர்கள்’ கவிதைத் தொகுப்பு வெளிவந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதை எழுதிய போதலேர் பாரிஸ் நீதிமன்றத்தில் நிற்கிறார். அரசுத் தரப்பில் வாதாடியவர் எர்னெஸ்ட் பினார். அதே ஆண்டின் தொடக்கத்தில் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக ஃப்ளோபேர்மீது வழக்கு நடத்தித் தோற்றவர் இவர்தான். இந்த முறை சூடு கண்ட பூனையாக நிதானமாகவே நடந்துகொண்டார். கவிஞரிடம் இரக்கம் காட்டுங்கள், சில கவிதைகளைக் கண்டியுங்கள் என்று கேட்டார். மதத்தை இழிவுபடுத்தியதான குற்றச்சாட்டு நிற்கவில்லை; பொது ஒழுக்கத்தைப் புண்படுத்தியது நின்றது. 300 பிராங்க் அபராதம், ஆறு கவிதைகளை நீக்கும்படி உத்தரவு. அபராதம் பிறகு 50 பிராங்காகக் குறைந்தது. தீர்ப்பை ரத்து செய்ய 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பலரும் அந்த ஆறு கவிதைகளைப் படித்துவிட்டு, இதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். 1861இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். ஆறு போயிற்று, 35 புதியவை வந்தன. அவற்றுள் ஒன்று ‘அன்னம்’. லூவ்ர் அரண்மனை அருகே, பழைய குடியிருப்புகளை இடித்துத் துடைத்த கருசேல் சதுக்கத்தைக் கடந்து கவிஞர் நடக்கிறார். முன்பு அங்கே பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது: கூண்டிலிருந்து தப்பிய அன்னம் ஒன்று நீரற்ற ஓடையருகே புழுதியில் சிறகைத் தோய்க்கிறது. அரசரைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆட்சியைப் பற்றி ஒரு முணுமுணுப்பு இல்லை. ஆனால் தலைப்பின் கீழே ‘விக்தோர் உய்கோவுக்கு’ என்று இருக்கிறது. எழுத்தாளர் உய்கோ அப்போது கெர்ன்ஸி தீவில். பிறகு பேரரசரான லூயி நெப்போலியனின் 1851 ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்து நாட்டைவிட்டுப் போனவர். 1859இல் பேரரசர் பொதுமன்னிப்பு அறிவித்தபோதும் திரும்பி வர மறுத்தவர். கவிதை சிறைப்பட்டவர்களையும் தோற்றவர்களையும் நினைத்துக்கொண்டு முடிகிறது.

ஒழுக்க வழக்கில் அடிபட்ட மனிதர், அடுத்த பதிப்பில் நாடுகடந்து வாழும் அரசியல் எதிரியின் பெயரைப் பக்கத்தின் உச்சியில் எழுதிவைக்கிறார். கவிதையில் அரசியலைத் தேடுகிறவர்கள் கருத்தைத் துழாவுவதற்கு முன் சமர்ப்பணத்தையும் தேதியையும் இடப்பெயரையும் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான். பென்சிலால் ஓரத்தில் ஆண்டை எழுதுங்கள். அந்த ஆண்டில் ஆட்சியில் இருந்தது யார் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். பாதி வேலை முடிந்தது.

கவிஞர் ரேம்போவுக்கும் இதுவே. “நான் என்பது வேறொருவன்” என்ற வரியை மேற்கோள் காட்டாத கோட்பாட்டு நூல் குறைவு. அது இருக்கும் இரண்டு கடிதங்களின் தேதியை யாரும் சொல்வதில்லை. 1871 மே 13, மே 15. நகரைக் கைப்பற்றிய புரட்சி ஆட்சியான பாரிஸ் கம்யூன் இன்னும் உயிரோடு இருந்த நாட்கள். 21ஆம் தேதி அரசுப் படை நகருக்குள் நுழைந்து ரத்த வாரம் தொடங்கியது. முதல் கடிதத்தில் அந்தப் பதினாறு வயதுப் பையன் தன் பழைய ஆசிரியரிடம், இதை எழுதும்போதே தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருக்கும் பாரிஸ் சண்டையை நோக்கி ஆத்திரம் தன்னை இழுப்பதாகச் சொல்கிறான். வேலைக்குப் போவதா, ஒருபோதும் மாட்டேன், நான் வேலைநிறுத்தத்தில் இருக்கிறேன் என்கிறான். ‘வேறொருவன்’ வருவது அதற்குப் பிறகுதான்.

1894: மல்லார்மே சாட்சிக் கூண்டில்

இனி கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். பிரெஞ்சுத் தத்துவவாதிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் கவிஞர் மல்லார்மே. ஆங்கில ஆசிரியர் வேலை, செவ்வாய்க்கிழமை மாலைகளில் ரோம் தெரு வீட்டில் நண்பர்கள் கூட்டம், யாருக்கும் எளிதில் விளங்காத வரிகள். இவருக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும்.

1893 டிசம்பர் 9: அராஜகவாதி ஓகுஸ்த் வையான் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குள் குண்டு வீசினார். அன்று மாலை விருந்தொன்றில் கவிஞர் லோரான் தையாத், செயல் அழகாக இருந்தால் பலியானவர்களைப் பற்றி என்ன கவலை என்ற பொருளில் ஒரு வார்த்தை விட்டார். மல்லார்மேயிடம் கேட்டபோது, புத்தகத்தைத் தவிர வேறு குண்டு எனக்குத் தெரியாது என்றார். 1894 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கவிதை பற்றி உரையாற்றப் போனவர், அந்த உரைக்குள்ளேயே குண்டுகளைத் தொட்டுச் சென்றார்: அவை நாடாளுமன்றங்களை ஒரு கணம் வெளிச்சமாக்குகின்றன, ஆனால் வேடிக்கை பார்க்க வந்த அப்பாவிகளை முடமாக்கிவிடுகின்றன என்று. ஏப்ரல் 4ஆம் தேதி பாரிஸில் ஃபுவாயோ என்ற உணவகத்தில் குண்டு வெடித்தது. அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. அவர் லோரான் தையாத். விதியின் நகைச்சுவை சில சமயம் இப்படித்தான் ரசனை கெட்டதாக இருக்கிறது.

அந்த மாதமே கைதானவர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன். போர் அமைச்சகத்தில் குமாஸ்தா, கலை விமர்சகர், 1886இல் ரேம்போவின் ‘ஒளியூட்டல்கள்’ கவிதைகளை ‘லா வோக்’ இதழில் வரிசைப்படுத்தி வெளியிட்டவர். அவருடைய அலுவலக அறையில் வெடிகுண்டு வெடிப்பான்கள் அகப்பட்டன. அராஜகவாதிகள்மீது ஆகஸ்டில் நடந்த ‘முப்பது பேர் வழக்கில்’ மல்லார்மே அவருக்காகச் சாட்சி சொன்னார். ஃபெனியோனுக்கு அவருடைய கட்டுரைகளைவிடச் சிறந்த வெடிப்பான் கிடையாது என்று ஏற்கெனவே ஒரு பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். ஃபெனியோன் விடுதலையானார். (ஃபுவாயோவில் குண்டு வைத்தவர் அவர்தான் என்று பின்னாளில் வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு.)

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, 1895இல் அச்சான ஒரு பதினான்கு வரிக் கவிதையை எடுங்கள். ‘அழுத்தும் மேகத்திடம்’ என்று தொடங்கும் சானெட். ஒவ்வொரு வரியிலும் எட்டு அசை. ஏறக்குறைய நிறுத்தக்குறியே இல்லை, ஒரு அடைப்புக்குறி மட்டும் இருக்கிறது. இதில்தான் கையைப் பழக்க வேண்டும்.

முதல் வேலை, பயனிலையைக் கண்டுபிடிப்பது. எட்டாம் வரியில் இருக்கிறது: ‘இல்லாமலாக்குகிறது’. எழுவாய் ஐந்தாம் வரியில்: ‘கப்பல் மூழ்கல்’. இரண்டையும் கோடிட்டு இணையுங்கள். அடுத்து முழுக் கவிதையையும் வெட்கப்படாமல் உரைநடையாக்குங்கள். நான் எழுதிவைத்திருப்பது இது: தாழ்ந்து அழுத்தும் மேகத்திடம்கூடச் சொல்லப்படாமல் அடங்கிப்போன எந்தக் கல்லறைக் கப்பல்மூழ்கல், பாயிழந்த பாய்மரத்தை இல்லாமலாக்குகிறது? நுரையே, உனக்குத் தெரியும். நீயோ வாயொழுக விட்டுக்கொண்டிருக்கிறாய். அப்படி இல்லையென்றால், பெரிய இரை எதுவும் சிக்காத ஆத்திரத்தில், வீணே விரிந்த பாதாளம் முழுவதும், இழுபடும் அந்த வெண்மயிரில், ஒரு கடற்கன்னியின் இளம் விலாவைக் கஞ்சத்தனமாக மூழ்கடித்திருக்குமோ?

மூன்றாவதாக, கவிதையில் உறுதியாக இருப்பது எது என்று எழுதுங்கள். நுரை. அவ்வளவுதான். கப்பல் இருந்ததா, தெரியாது. கடற்கன்னி இருந்தாளா, தெரியாது. கடல் மேல் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு இரண்டு விளக்கங்கள், நடுவே ஓர் ‘அல்லது’.

இப்போது அலென் பதியூவைத் திறக்கலாம். 1982இலும் 1992இலும் அவர் இந்தக் கவிதையைப் பற்றி எழுதினார். அவரும் முதலில் உரைநடையாக்கத்தான் செய்கிறார். ஆகவே நீங்கள் எழுதிவைத்ததை அவருடையதோடு ஒப்பிடலாம். அவருக்கு நுரை என்பது ஒரு நிகழ்வின் தடயம். நிகழ்ந்தது மறைந்துவிட்டது, நிகழ்ந்ததா என்பதற்கு வெளியிலிருந்து எந்தச் சான்றும் கிடையாது. கப்பல் மறைகிறது. பிறகு கப்பல் என்ற ஊகத்தையே கடற்கன்னி ரத்து செய்கிறாள். இந்த இரட்டைக் கழித்தலைத்தான் அவர் கவிதையின் முறை என்கிறார். அரசியல் எங்கே வருகிறது? புரட்சி என்று ஒன்று நடந்ததா என்ற கேள்வியும் இப்படித்தான் இருக்கிறது. நடந்தது என்று முடிவெடுத்து, அந்த முடிவுக்கு உண்மையாக நடந்துகொள்கிறவர்களால்தான் அது நடந்ததாகிறது. 1968க்குப் பிறகு மாவோயிஸ்ட் அமைப்பு ஒன்றில் இயங்கி, அந்த அலை வடிந்த பிறகும் விலகாத ஒருவர் இதை எழுதுகிறார் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்த நாள் (அதே நாளில் வேண்டாம், குழம்பும்) ழாக் ரான்சியேர். மல்லார்மே பற்றிய அவருடைய சிறு நூல் 1996இல் வந்தது. கடற்கன்னியின் அரசியல் என்பதே அதன் உபதலைப்பு. இதே நுரையிலிருந்துதான் அவரும் புறப்படுகிறார். ஆனால் அவருக்குக் கடற்கன்னி மறைந்துபோன நிகழ்வின் பெயரல்ல, கவிதையேதான். ஹோமரின் கடற்கன்னிகள் பாட்டால் மயக்கி மாலுமிகளை அழித்தார்கள். மல்லார்மேயின் கடற்கன்னி ஒரு வால்வீச்சில் தோன்றி, யாரும் பிடித்துப் பூஜை செய்வதற்குள் முங்கிவிடுகிறாள். கடவுளின் இடம் காலியான பின் மக்கள் கூடி வாழ எது அடையாளமாகும் என்று கேட்ட நூற்றாண்டு அது. தேசம், அரசர், தலைவர் என்று ஏதாவது ஒரு சிலையை அங்கே நிறுத்தத் துடித்தவர்கள் நிறையப் பேர். நிலைத்துச் சிலையாகிவிடாத ஒரு சைகையை மல்லார்மே அங்கே வைத்தார் என்பது ரான்சியேரின் வாதம்.

பதியூவும் ரான்சியேரும் மார்க்சியத் தத்துவவாதி லூயி அல்துஸேரின் வட்டத்தில் வளர்ந்து பிறகு தனிவழி போனவர்கள். ரான்சியேர் 1981இல் வெளியிட்ட நூல், 1830களின் தச்சரும் தையற்காரரும் இரவில் தூங்காமல் கவிதை எழுதிய கதையைச் சொல்கிறது. அதனால்தானோ என்னவோ, மல்லார்மேயைப் படிக்கும்போதும் அவர் தொழிலாளியை மறப்பதில்லை. 1895இல் வெளியான ‘மோதல்’ என்ற உரைநடைத் துண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். வால்வேன் கிராமத்து வீட்டில் ஓய்வெடுக்க வந்த கவிஞர், பக்கத்தில் தங்க வைக்கப்பட்ட ரயில்பாதைத் தொழிலாளர்களின் இரைச்சலோடு மல்லுக்கட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடித்துவிட்டுப் புல்வெளியில் சாய்ந்து கிடக்கிறார்கள். அஸ்தமனத்தைப் பார்க்கும் வழியை அந்த உடல்கள் மறைக்கின்றன. அவர்களைத் தாண்டிப் போவதா, நிற்பதா? நான் செய்வதும் வேலைதானா? எரிச்சலும் மரியாதையும் ஒரே வாக்கியத்தில் சண்டையிடும் பக்கங்கள் அவை. சானெட்டை மட்டும் படித்துவிட்டு மல்லார்மே மக்களைப் பார்த்ததே இல்லை என்று சொல்கிறவர்களிடம் இதை நீட்டலாம்.

எனக்கு ரான்சியேர்தான் நெருக்கம். பதியூவின் வாசிப்பு கவிதையைவிட ஒழுங்காக இருக்கிறது. அந்த ஒழுங்குதான் உறுத்துகிறது. ஆனாலும் பதியூவைத் தவிர்க்காதீர்கள். இலக்கணத்தை ஒட்டிப் படிப்பதில் அவரைப்போல் கறாரானவர் குறைவு.

மற்றவர்களை வேகமாகக் கடக்கலாம். கோட்பாட்டாளர் ஜூலியா கிறிஸ்தேவாவின் 1974 நூல் கவிஞர் லோத்ரேயமோனையும் மல்லார்மேயையும் வைத்து, மொழியின் சட்டத்தை உடைப்பது சமூகத்தின் சட்டத்தை உடைப்பதோடு சேர்ந்தது என்கிறது. தடிமனான நூல், முதல் பகுதி போதும். அதே ஆண்டு வசந்தத்தில் அவரும் எழுத்தாளர்கள் பார்த்தும் சொலேர்ஸும் மாவோவின் சீனாவுக்குப் போய்வந்தார்கள் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ழான்-க்ளோத் மில்னேர் 1999இல் பனிக்கட்டியில் சிக்கிய அன்னத்தைப் பற்றிய மல்லார்மேயின் சானெட்டைப் புரட்சியின் நூற்றாண்டுக்கு எழுதிய முடிவுரையாகப் படித்தார். பதியூவோடு சேர்த்துப் படித்தால் சண்டை சுவாரசியம். கேந்தேன் மெயாசூ 2011இல் மல்லார்மேயின் ‘பகடை வீச்சு’ கவிதையின் சொற்களை எண்ணி 707 என்ற மறைகுறியைக் கண்டுபிடித்தார். எனக்கு எண்ணும் பொறுமை இல்லை. உங்களுக்கு இருந்தால் நடத்துங்கள்.

சார்த்தர் கொடுத்த விலக்கு

தத்துவவாதி சார்த்தரின் ‘இலக்கியம் என்றால் என்ன?’ நூலை நேரடியாகத் திறக்காதீர்கள். அதற்கு முன் இரண்டு தகராறுகளைக் கடக்க வேண்டும்.

முதலாவது, கவிஞர் லூயி அரகோன். 1931இல் அவர் எழுதிய ‘சிவப்பு முன்னணி’ கவிதை போலீஸ்காரர்களைச் சுட்டு வீழ்த்தச் சொல்கிறது, சோஷலிஸ்ட் தலைவர் லெயோன் ப்ளும்மீதும் சுடச் சொல்கிறது. 1932 ஜனவரியில் கொலைக்குத் தூண்டியதாக அவர்மேல் குற்றச்சாட்டு. நண்பரும் சர்ரியலிசக் கவிஞருமான ஆந்த்ரே பிரெத்தோன் ஆதரவுக் கையெழுத்து திரட்டினார். ‘கவிதையின் வறுமை’ என்று ஒரு சிறுநூலும் எழுதினார். ஒரு கவிதையின் வரியைப் பிய்த்தெடுத்து நேர்ப்பொருளில் தண்டிக்க முடியாது என்பது அவர் வாதம். அதோடு நிற்காமல், அந்தக் கவிதை தனக்குப் பிடிக்கவில்லை, அது காலத்தில் பின்னோக்கிப் போகும் கவிதை என்றும் சொன்னார். அரகோனுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்கவில்லை. சொன்னதைத்தான் சொன்னேன் என்று நிற்க விரும்பிய கம்யூனிஸ்டிடம், நீ சொன்னதைச் சொல்லவில்லை என்று வாதாடினால் எப்படி இருக்கும்? நட்பு முறிந்தது.

இரண்டாவது, 1945. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் யூத வெறுப்பைப் பரப்பிய பத்திரிகையை நடத்திய எழுத்தாளர் ரோபேர் பிராசியாக்குக்கு மரண தண்டனை. உயிர்ப்பிச்சை கேட்டுக் கவிஞர் வலேரி கையெழுத்திட்டார், நாவலாசிரியர் காமு தயங்கித் தயங்கிக் கையெழுத்திட்டார். சார்த்தரும் சிமோன் த பொவாரும் மறுத்துவிட்டார்கள். பிப்ரவரி 6ஆம் தேதி பிராசியாக்கைச் சுட்டுக் கொன்றார்கள். எழுத்து செயல்தான் என்று அரசே ஒப்புக்கொண்ட காலை அது.

இரண்டு ஆண்டு கழித்து, 1947இல், சார்த்தர் எழுதுகிறார்: உரைநடைக்காரனின் சொல் குண்டு நிரப்பிய துப்பாக்கி, அவன் பொறுப்பேற்றாக வேண்டும், கவிஞனுக்குச் சொல் கருவியல்ல, ஓவியனுக்கு வண்ணம்போல ஒரு பொருள், ஆகவே அவனை அரசியல் கடமைக்கு அழைக்க முடியாது. இந்த முதல் அத்தியாயத்தை இலக்கியக் கொள்கையாகப் படித்தால் சப்பையாக இருக்கும். பிராசியாக்கின் தீர்ப்பையும் பிரெத்தோனின் சிறுநூலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது வேறு: ஒருவர்மேல் குற்றப்பத்திரிகை, மற்றவருக்கு விடுதலை. கவிஞருக்குக் கிடைத்த விடுதலை கொஞ்சம் அவமானகரமானதுதான். சிறு பிள்ளைக்குக் கிடைக்கும் விலக்கு மாதிரி. அத்தியாயத்தின் நீண்ட அடிக்குறிப்பைத் தாண்டிவிடாதீர்கள். தோற்பவனே ஜெயிக்கும் ஆட்டம் கவிதை என்ற கருத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இந்த விலக்கைச் சோதிக்கக் கவிஞர் எலுவாரின் ‘விடுதலை’ கவிதை இருக்கிறது. 1942இல் வெளிவந்து, பிரிட்டிஷ் விமானங்கள் பிரான்சின்மேல் தூவிய கவிதை. பள்ளிப் புத்தகத்தின்மேல், மேசையின்மேல், மரங்களின்மேல் உன் பெயரை எழுதுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசிச் சொல்லில்தான் பெயரைச் சொல்கிறது. காதலியின் பெயரோடு முடிப்பதாகத்தான் தொடங்கினேன் என்று எலுவாரே பிறகு சொன்னார். கடைசிச் சொல்லை மாற்றிவிட்டுப் படித்துப் பாருங்கள். மற்ற வரிகள் அப்படியே நிற்கும். கவிஞர் பெஞ்சமேன் பெரே மெக்சிகோவில் இருந்துகொண்டு, இந்த எதிர்ப்புக் கவிதைகளில் எதுவும் மருந்து விளம்பரத்தின் தரத்தைத் தாண்டவில்லை என்று 1945இல் பொரிந்து தள்ளினார். அநியாயம்தான், ஆனாலும் படிக்க வேண்டிய அநியாயம்.

விலக்கை மறுத்தவர்

சார்த்தரே அடுத்த ஆண்டு தன் வாதத்தை உடைத்தார். 1948, அடிமைமுறை ஒழிப்பின் நூற்றாண்டு. செனகல் கவிஞர் செங்கோர் தொகுத்த கறுப்பினக் கவிஞர்களின் தொகுப்புக்குச் சார்த்தர் எழுதிய முன்னுரை ‘கறுப்பு ஓர்ஃபியூஸ்’. நம் காலத்தின் ஒரே பெரும் புரட்சிக் கவிதை இதுதான் என்றார். கவிஞருக்குக் கடமை இல்லை என்றவரின் பேனாதான். எங்கே மாறினார் என்று இரண்டு நூல்களையும் திறந்துவைத்துக் கோடு போட்டுக் கண்டுபிடியுங்கள். ஆக்கிரமிப்பாளரின் மொழியில் எழுத வேண்டியவனுக்குச் சொல் ஏற்கெனவே கைக்கு அடங்காத பொருள்தான் என்ற இடத்தில் என்பது என் கணிப்பு. ஆனால் கறுப்புத் தன்னுணர்வை வர்க்கப் போராட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு தற்காலிகப் படியாக அவர் வைத்ததை காலனி எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபனோன் 1952இல் மன்னிக்கவில்லை. ஃபனோனின் அந்தப் பக்கங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எமே செசேர் இங்கே நடுநாயகம். 1945 முதல் 1993 வரை கரீபியத் தீவான மார்த்தினிக்கின் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர், 2001 வரை அதன் தலைநகர் ஃபோர்-த-பிரான்ஸின் மேயர். கவிஞரும் அரசியல்வாதியும் ஒரே சட்டைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று கிடையாது. ‘தாய்மண்ணுக்குத் திரும்பிய குறிப்பேடு’ நூலின் எந்தப் பதிப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1939இல் ஒரு சிற்றிதழில் வந்தது, 1947இல் மாறியது, 1956இல் மறுபடி மாறியது. அரசியல் கூர்மை ஏறியது பிந்தைய வடிவத்தில். பதிப்பைக் குறிப்பிடாமல் செசேரின் அரசியல் பற்றி முழக்கமிடும் கட்டுரைகளை ஓரமாக வைத்துவிடலாம்.

பிறகு 1955இன் சண்டை. கம்யூனிஸ்ட் கட்சியின் கவிஞராகிவிட்ட அரகோன், பிரெஞ்சுக் கவிதை தன் பழைய தேசிய வடிவங்களுக்கு, சானெட்டுக்கும் யாப்புக்கும் திரும்ப வேண்டும் என்று பிரசாரம் செய்தார். ஹெய்ட்டியக் கவிஞர் ரெனே தெபெஸ்த்ர் அதற்குத் தலையாட்டினார். செசேர் பதிலைக் கவிதையாகவே எழுதினார்: தோட்டத்திலிருந்து தப்பியோடிய அடிமைகளைப்போல நாமும் ஓடிவிடுவோம், தெபெஸ்த்ர். அடுத்த ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி, பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளர் மொரீஸ் தொரேஸுக்கு விலகல் கடிதம். தனித்தன்மைக்குள் சுவரெழுப்பிக்கொண்டும் தொலைந்துபோகலாம், உலகப்பொதுமைக்குள் கரைந்தும் தொலைந்துபோகலாம் என்கிறது அந்தக் கடிதம். கவிதையையும் கடிதத்தையும் ஒரே அமர்வில் படியுங்கள். யாப்பைப் பற்றிய சண்டையும் கட்சியைப் பற்றிய சண்டையும் ஒன்றுதான் என்பது யாரும் விளக்காமலே தெரியும்.

செலானும் ஷாரும்

கடைசியாகத்தான் பதியூவின் 1989ஆம் ஆண்டு ‘தத்துவத்துக்கான அறிக்கை’. தத்துவம் நான்கு இடங்களிலிருந்து உண்மைகளைப் பெறுகிறது என்கிறார்: கவிதை, அறிவியல், அரசியல், காதல். அவற்றுள் ஒன்றிடம் தன்னை முழுக்க ஒப்படைத்துத் தைத்துக்கொண்டால் தத்துவம் மூச்சுவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அறிவியலோடும் அரசியலோடும் தைத்துக்கொண்டது. பிறகு ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் அதைக் கவிதையோடு தைத்தார். ஜெர்மன் கவிஞர் ஹோல்டர்லினில் தொடங்கி போல் செலானில் முடிந்த ‘கவிஞர்களின் யுகம்’ போதும், தையலைப் பிரிப்போம் என்பது பதியூவின் அழைப்பு. பாரிஸில் வாழ்ந்து, எகோல் நோர்மால் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் ஜெர்மன் கற்பித்த கவிஞர் செலான், பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். 1967 ஜூலையில் அவர் ஹைடெகரின் மலைக்குடிலுக்குப் போனார். சிந்திப்பவரிடமிருந்து ஒரு சொல் வரும் என்ற நம்பிக்கையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார்.

இங்கே பதியூவை அப்படியே நம்பிவிடாமல் இருக்கக் கவிஞர் ரெனே ஷார் உதவுவார். நாஜிகளுக்கு எதிரான பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் ‘கேப்டன் அலெக்சாந்த்ர்’ என்ற பெயரில் ஆயுதமேந்தியவர். ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் எதையும் அச்சிட மறுத்தவர். 1946இல் வெளிவந்த அவருடைய போர்க்காலக் குறிப்புகளில் 138ஆம் துண்டு: சுமார் நூறு மீட்டர் தூரத்தில் ஒளிந்திருக்கும் ஷாரின் கண்ணெதிரே நண்பரைச் சுட்டுக் கொல்கிறார்கள். விசையை அழுத்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அருகிலிருந்த கிராமத்தைக் காப்பதற்காக அவர் சைகை காட்டவில்லை. ஒரு கிராமம் என்றால் என்ன, மற்றவற்றைப்போல இன்னொரு கிராமமா என்று கேட்கிறது அந்தத் துண்டு. இதே மனிதர் 1966, 1968, 1969 ஆண்டுகளில் புரொவான்ஸின் லெ தோர் ஊரில், நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்த ஹைடெகரை அழைத்துவந்து கருத்தரங்கு நடத்த இடம்கொடுத்தார். அந்தக் காலத்திலேயே அருகிலிருந்த அல்பியோன் பீடபூமியில் அணு ஏவுகணைகள் வைப்பதை எதிர்த்துக் கொடியும் பிடித்தார்.

என் வரிசை இது: முதலில் 138ஆம் துண்டு; அடுத்து லெ தோர் கருத்தரங்கக் குறிப்புகள்; மூன்றாவதாகச் செலானின் குடில் கவிதை. இவற்றுக்கு நடுவே எந்த உரையாசிரியரையும் உள்ளே விடாதீர்கள். நான்காவதாக, செலானைப் பற்றித் தத்துவவாதி லக்கூ-லபார்த் 1986இல் எழுதிய நூல். பதியூவின் அறிக்கை ஐந்தாவதாக வரட்டும்; அப்போது ‘தையல்’ என்று அவர் எழுதும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஷாரின் பெயரை எழுதி, வாதம் நிற்கிறதா என்று பாருங்கள்.